கப்பலில் தோன்றிய எண்ணம்

செய்தியாளராக விரும்பும் இளைஞர்க்கு மொழிப்பயிற்சியும் நினைவாற்றலும் வேண்டும் என்பர். அவை வேண்டுவனவே. எனினும், எதிர்பாராது எழுந்த எண்ணத்தைப் பின்பற்றி உடனே புறப்படும் துணிவு அவற்றினும் அரிது.

ஏ. கே. செட்டியார் இரங்கூனில் ‘தனவணிகன்’ இதழின் ஆசிரியராயிருந்தவர். தோக்கியோவிலும் நியூயார்க்கிலும் நிழற்படக்கலை பயின்றவர். 1937ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் அவர் நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் சென்றுகொண்டிருந்தார். அன்று காந்தியடிகளின் பிறந்த நாள். அடிகளின் வரலாற்றைத் திரைப்படமாகத் தொகுத்தல் வேண்டும் என்னும் எண்ணம் நடுக்கடலில் அவருக்கு உதித்தது. முப்பது வயதும் நிரம்பாத இளைஞர் அவர். அடிகளைப் பற்றிய படச்சுருள்களோ பல நாடுகளில், பலர் கைகளில் சிதறிக் கிடந்தன. செலவையும் இடரையும் எண்ணிப் பார்த்து, ‘ஊர் சென்றபின் பார்ப்போம்’ என்று அவர் இருந்திருப்பின், அவற்றுட் பல நமக்குக் கிட்டாமலே அழிந்திருக்கும். அவரோ நான்கு கண்டங்களில் அலைந்து ஏறக்குறைய 50,000 அடி நீளமுள்ள படங்களைத் திரட்டினார். 1940இல், ஆங்கிலேயர் ஆட்சி நடந்த காலத்திலேயே, அப்படம் வெளிவந்தது.

இதனை வெறும் அவசரம் என்று சிலர் கூறலாம். அது பொருந்தாது. நினைத்தவுடன் புறப்படுதல் வேறு. ஆயத்தமின்றிப் புறப்படுதல் வேறு. அக்கப்பலில் வேறு பயணிகளும் இருந்தனர் அன்றோ? படக்கலையைக் கற்றிருந்தவரிடமே அவ்வெண்ணம் வந்து தங்கிற்று.