யானைக் கட்சிக்காரன்



சென்ற வாரம் திடலில் பிள்ளைகளை ஓட விட்டுக்கொண்டிருந்தேன். ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவன் பக்கத்தில் வந்து நின்றான். "சார், பகாங் எந்த லீக்குல விளையாடுது?" என்றான். அவன் போட்டிருந்தது லிவர்பூல் சட்டை. பையனைக் குறை சொல்வதற்கில்லை. பகாங்கில் பிறந்து, பகாங்கில் வளரும் பிள்ளை. ஆனால் பார்ப்பதற்கு அவனுக்கு ஒரு பகாங் இருக்க வேண்டாமா? 2025-26 பருவத்தில் சூப்பர் லீக்கிலிருந்து நம் மாநிலக் குழு விலகிக்கொண்டது. "போய் ஓடுடா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வாத்தியார்கள் பதில் தெரியாதபோது செய்கிற காரியம் அதுதானே!

எங்கள் வீட்டில் காற்பந்துக்குப் பெயர் 'யானைக் கட்சி'. பகாங் குழுவின் பட்டப்பெயர் 'தோக் காஜா'. மலாய்க்காரர் சொல்லும் காஜா, நம்முடைய கஜம்தான். தேயிலை ஆலையில் கொழுந்து வாட்டும் பகுதியில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை செய்தவர் அப்பா. தொழிற்சங்கத்தில்கூட அவ்வளவு பிடிப்பில்லை. இந்தக் கட்சியில் மட்டும் ஆயுள் உறுப்பினர்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ரிங்லெட் பகாங்கைச் சேர்ந்தது என்று வரைபடம்தான் சொல்கிறது. எங்கள் கால்களோ பேராக் பக்கம்தான் இறங்கும். தாப்பாவுக்குப் போனால் சாமான், ஈப்போவுக்குப் போனால் கல்யாணப் புடவை. மாநிலத் தலைநகரான குவாந்தானுக்குப் போவதென்றால் ஒரு நாள் சம்பளத்தை விட வேண்டும். சுங்கை கோயான் வழியாகச் சாலை வந்தபிறகும் அது தூரம்தான். ஆகவே பக்கத்து வீடுகளில் பாதிப் பேர் பேராக் ரசிகர்கள். தாப்பாவில் இருக்கும் என் மச்சானும் அந்தப் பக்கம். அப்பா மட்டும், "அடையாளக் கார்டுல என்ன மாநிலம் போட்டிருக்கோ அதுதான்டா நம்ம கட்சி" என்பார். குவாந்தான் தாருல் மக்மூர் அரங்கத்தை அவர் ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை.

1983-ல் பகாங் முதன்முதலாக மலேசியக் கிண்ணத்தை வென்றபோது நான் இடுப்புக் குழந்தை. 1992-ல் லீக்கையும் கிண்ணத்தையும் சேர்த்து வென்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து வந்த ஃபாண்டி அகமது அப்போது நம் பக்கம். அவர் படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டி, சோற்றுப் பருக்கையால் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். இரண்டே வருஷம்! 1994 இறுதியாட்டத்தில் அதே ஃபாண்டி சிங்கப்பூரின் தலைவராக வந்து எங்களை 4-0 என்று உரித்துத் தொங்கவிட்டார். அப்பா தொலைக்காட்சியை அணைத்துவிட்டு வெளியே போய்விட்டார். நான் படத்தைக் கிழித்தேன். சுண்ணாம்பும் சேர்ந்து வந்ததில் அம்மாவிடம் அடி வாங்கியது தனிக் கதை. அதற்குப் பிறகு 1995, 1997 என்று இறுதி வரை போவதும் சிலாங்கூரிடம் தோற்பதுமாக இருந்தோம். முதல் சுற்றிலேயே தோற்கிற குழுவை வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கலாம். கடைசி நாள் வரை கூட்டிக்கொண்டு போய்க் கைவிடுகிற குழு இருக்கிறதே, அது பொல்லாதது.

2013-ஐச் சொல்ல வேண்டும். அந்த அக்டோபர் 23 அதிகாலையில் சுல்தான் அபு பக்கார் அணையின் நீர் திறந்துவிடப்பட்டு, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளமும் சேறும் புகுந்தன. உயிர்கள் போயின. வீடுகளுக்குள் இடுப்பளவு சேறு. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் பழைய சட்டைகளைச் சேர்த்து மூட்டை கட்டிக் கொடுத்தோம். நவம்பர் 2 தீபாவளி. எங்கள் லயத்தில் யாருக்கும் மத்தாப்புக் கொளுத்தக்கூட மனசு வரவில்லை. பெரியவர்கள் எண்ணெய் தேய்த்துக் குளித்து, சாமி கும்பிட்டதோடு சரி.

மறுநாள் இறுதியாட்டம், பகாங்கும் கிளந்தானும். பலகாரத் தட்டு தீண்டாமல் கிடந்தது. யாரும் கூப்பிடாமலே பத்துப் பதினைந்து பேர் எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அந்தப் பகாங் குழுவில் நம் பிள்ளைகள் ஆர். கோபிநாதன், ஆர். சுரேந்திரன் இருந்தார்கள். அர்ஜெண்டினாக்காரர் கோன்டி போட்ட ஒரே கோல். 1-0. இருபத்தொரு வருஷத்துக்குப் பிறகு கிண்ணம்! ஒரு கிழவர் எழுந்துபோய், மிஞ்சியிருந்த ஒரே சரவெடியைக் கொளுத்திப் போட்டார். யாரும் தடுக்கவில்லை. அப்பா அழுததை அன்றுதான் பார்த்தேன். அவர் அழுதது கிண்ணத்துக்கா, பெர்த்தாமில் போனவர்களுக்கா என்று நான் கேட்கவில்லை. அடுத்த ஆண்டும், ஜொகூரைப் பெனால்டியில் வென்று, கிண்ணம் நம்மிடமே இருந்தது.

நாட்டுக் குழுவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன்; அதிகம் பேசினால் இரத்த அழுத்தம் ஏறும். 2010-ல் நம்மவர் கே. ராஜகோபால் பயிற்சியாளராக இருந்து தென்கிழக்காசியக் கிண்ணத்தைக் கொண்டுவந்தார். 2014 டிசம்பரில் தாய்லாந்துக்கு எதிராக, புக்கிட் ஜாலில் அரங்கில் 3-0 என்று முன்னேறிக் கிண்ணத்தில் ஒரு கை வைத்தோம். கடைசிப் பத்து நிமிஷத்தில் இரண்டு கோல் வாங்கிக் கையை எடுத்தோம். 2015-ல் ஐக்கிய அரபுச் சிற்றரசிடம் 10-0. அந்தத் தோல்வியோடு பதவி விலகிய டொல்லா சாலேதான் 2013-ல் பகாங்குக்குக் கிண்ணம் வாங்கித் தந்தவர். யாரை வைவது?

2025 ஜூனில் வியட்நாமை 4-0 என்று வென்றபோது வகுப்பு முழுவதற்கும் மைலோ வாங்கிக் கொடுத்தேன். செப்டம்பரில் ஃபிஃபா தண்டனை அறிவித்தது. வெளிநாட்டில் பிறந்த ஏழு ஆட்டக்காரர்களின் பத்திரங்கள் போலியாம். தாத்தா பாட்டி பிறந்த ஊரையே மாற்றிக் காட்டியிருக்கிறார்கள்! தாத்தாவின் பிறப்புப் பத்திரம் இல்லாத ஒரே காரணத்துக்காகச் சிவப்புக் கார்டோடு அலுவலகம் அலுவலகமாக அலைந்த குடும்பங்கள் நம் தோட்டங்களில் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும். பிள்ளையை முதலாம் ஆண்டில் சேர்க்க வந்து, கையைப் பிசைந்துகொண்டு நின்ற தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன். மைலோவுக்குச் செலவான காசுக்காக நான் வருத்தப்படவில்லை.

அதே ஆண்டு ஏப்ரலில்தான் பகாங் மீண்டும் மலேசியக் கிண்ண இறுதிக்குப் போய் ஜொகூரிடம் 2-1 என்று தோற்றது. தோல்வி எங்களுக்குப் பழக்கம்தான். ஆனால் இறுதியாட்டம் வரை போன குழு, அடுத்த பருவத்தில் லீக்கிலேயே இல்லை என்றால்?

இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது? அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. கண் மங்கிவிட்டதால் நான்தான் ஆட்டத்தை வாசித்துக் காட்டுவேன். சனிக்கிழமை வந்தால், "இன்னைக்கு நம்ம ஆட்டம் இல்லையா தம்பி?" என்பார். மழை என்றேன், நாட்டுக் குழுவுக்காக விடுமுறை என்றேன். வகுப்பில் பொய் சொல்லும் பிள்ளையை வெளியே நிறுத்துகிற நான், வீட்டில் இப்படி ஐந்தாறு வாரம் ஓட்டினேன்.

லிவர்பூல் பையன் கேட்ட அன்று சாயங்காலம் மனசு பொறுக்கவில்லை. தேத்தண்ணியைக் கையில் கொடுத்துவிட்டுச் சொல்லிவிட்டேன். "பகாங் லீக்குல இல்லப்பா. விலகிட்டாங்க."

வெகுநேரம் பேசவில்லை. தேத்தண்ணி ஆறிப்போனது. பிறகு மெதுவாக, "அப்போ பேராக்?" என்றார்.

"அவங்களும் விலகிட்டாங்கப்பா."

"மெய்யாவா?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். "போன் போடு உன் மச்சானுக்கு."