கூடம் கோணலா?

‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. சென்ற பருவத்தில் நம் கணிப்பொறி ஆய்வகத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி இதை எனக்கு நினைவூட்டிற்று.

வரலாற்றுத் துறை நண்பன் ஒருவன் விடுமுறையில் ஊர் ஊராக அலைந்து நடுகற்களைப் படம்பிடித்து வந்திருந்தான். மறுநாள் காலை கருத்தரங்கு. ஹார்டு டிஸ்க்கிலிருந்த 8 ஜிகாபைட் படங்களை ஆய்வகக் கணிப்பொறிக்கு மாற்றத் தொடங்கினோம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றது திரை. மணியோ நாலேகால், ஐந்துக்கு ஆய்வகத்தைப் பூட்டிவிடுவார்கள்!

“காசில்லாமல் கிடைத்த லினக்ஸ் வேறு எப்படி இருக்கும்?” என்றார் ஒருவர். எல்லாக் கணிப்பொறிகளிலிருந்தும் அதை நீக்கக் கோரி விண்ணப்பம் எழுத இன்னொருவர் தாளையே எடுத்துவிட்டார்.

நான் கேட்கிறேன்: காரணம் அறியாமல் தீர்ப்பு எழுதலாமா?

யூ.எஸ்.பி. இணைப்புக்கு ஒரே வேகம் இல்லை. 1998-இல் வந்த 1.1 பதிப்பின் உச்சவேகம் நொடிக்கு 12 மெகாபிட். 2000-இல் வந்த 2.0-க்கு 480. 2008-இல் வந்த 3.0-க்கு 5,000. கருவி, கேபிள், ஹப், போர்ட் ஆகியவற்றில் எது மெதுவோ, அதன் வேகமே முழு வழிக்கும் வேகம். இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு நொண்டினால் மற்றதும் மெல்லத்தானே நடக்க வேண்டும்?

லினக்ஸ் இதை மறைப்பதில்லை. ‘எல்எஸ்யுஎஸ்பி -டி’ என்று கட்டளையிட்டால், எந்தக் கருவி எந்தக் கிளையில் எந்த வேகத்தில் இணைந்திருக்கிறது என்று மரம்போல் காட்டுகிறது. எங்கள் டிஸ்க்கின் அருகே ‘12எம்’ என்றிருந்தது. எட்டு பிட் ஒரு பைட் ஆதலால், நொடிக்கு ஒன்றரை மெகாபைட்தான். நடைமுறையில் அதுவும் கிட்டாது. இரண்டு மணி நேரம் ஆவதில் வியப்பென்ன? ஆய்வக உதவியாளர் ‘டிமெசெக்’ கட்டளையால் கெர்னலின் பதிவுகளைப் பார்த்தார். ‘இக்கருவி உச்சவேகத்தில் ஓடவில்லை, அதிவேக ஹப்பில் இணைக்கவும்’ என்ற பொருள்பட ஒரு வரி அங்கே எங்களுக்காகக் காத்திருந்தது!

குற்றவாளி யார்? முன்பக்க போர்ட்டுகளில் கீபோர்டும் மௌசும் இருந்ததால், அலமாரியில் கிடந்த பழைய ஹப்பை இடையில் செருகிய நாங்களேதான். அதை நீக்கி முன்பக்கத்தில் நேராக இணைத்தோம், 480. பின்பக்கத்து நீலநிற போர்ட்டில் இணைத்தோம், 5,000. இரண்டே நிமிடங்களில் அத்தனை நடுகற்களும் வந்து சேர்ந்தன. கேபிளும் முக்கியம். 2.0-க்கு 4 தொடுமுனைகள், 3.0-க்கு 9. பழைய கேபிளைப் போட்டால் நீல போர்ட்டும் 480-க்கே இறங்கிவிடும்.

லினக்ஸ் குறையே இல்லாதது என்று நான் வாதிடவில்லை. சில ஹார்டு டிஸ்க் பெட்டிகளோடு அது ஒத்துப்போகாததும் உண்டு. பென்டிரைவில் எழுதும்போது நூறு விழுக்காடு என்று காட்டிவிட்டு, நினைவகத்தில் தேங்கியதை எழுதி முடிக்கும்வரை காத்திருக்க வைப்பதும் உண்டு. ஆனால் இலவசம் என்பதால்தான் மெதுவாக இருக்கிறது என்பதை ஏற்கமாட்டேன். 1991-இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய அந்த லினக்ஸ்தான், 2009-இலேயே யூ.எஸ்.பி. 3.0-க்கு முதன்முதலில் இடமளித்தது.

நண்பர்களே! குறைந்த கட்டணத்தில் படிப்பதால் “அரசுக் கல்லூரிதானே” என்று நம்மைப் பிறர் எடைபோடும்போது மனம் புழுங்குகிறோம். அதே தராசை நாமும் கையில் எடுக்கலாமா?

அன்று அந்த விண்ணப்பத்தாள் வீணாகவில்லை. அதைக் கிழித்து, ‘கீபோர்டு, மௌசுக்கு மட்டும்’ என்று எழுதிப் பழைய ஹப்பின்மீது ஒட்டினோம். கூடம் நேராகத்தான் இருக்கிறது. நாம் ஆடக் கற்போம்!