கறுப்பு நல்ல செய்தி

என்னைப் போன்ற கதிரியக்க மருத்துவர்களை நோயாளிகள் நேரில் பார்ப்பது அரிது. ஆனால் அன்று அறுவை சிகிச்சை நிபுணர் என்னைத் தன் அறைக்கு அழைத்தார். ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் மனைவியோடு அமர்ந்திருந்தார். "படம் பார்த்தவங்களே சொல்லட்டும்" என்றாராம்.

அவருக்கு மலக்குடல் புற்றுநோய். இரத்தம் போனதை மூலம் என்று நினைத்து மாதக்கணக்கில் நாட்டு மருந்து சாப்பிட்டிருக்கிறார் (இதை எத்தனை பேரிடம் கேட்டாயிற்று!). கட்டி ஆசனவாய்க்கு மிக அருகில். வெட்டியெடுத்தால் ஆயுளுக்கும் வயிற்றில் பை. அதற்கு முன் கட்டியைச் சுருக்க ஐந்து வாரத்துக்கு மேல் கதிர்வீச்சும் கீமோ மாத்திரையும் கொடுத்தார்கள். முடிந்து 8 வாரம் கழித்து எம்.ஆர்.ஐ. எடுத்தோம். உடனே எடுப்பதில்லை. கதிர்வீச்சு நின்ற பிறகும் கட்டி வாரக்கணக்கில் சுருங்கிக்கொண்டே இருக்கும்.

முன்பு எடுத்த படத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். (பழைய சிடியைத் தொலைக்காதீர்கள், அது இல்லாமல் ஒப்பிட முடியாது.) முதல் படத்தில் கட்டி சாம்பல் நிறத்தில் தடித்திருந்தது. இரண்டாவதில் அதே இடம் பெரும்பாலும் கறுப்பு. கறுப்பு என்றால் தழும்பு. எங்கள் தொழிலில் அது நல்ல செய்தி.

இன்னொரு வகைப் படமும் உண்டு. திசுவில் நீர் மூலக்கூறுகள் எவ்வளவு தாராளமாக நகர்கின்றன என்று அது காட்டும். தைப்பூசத்தன்று பத்துமலைப் படியில் நகர முடியுமா? புற்றணுக்கள் நெருக்கியடித்த இடத்தில் நீருக்கும் அதே கதிதான். அங்கே படம் வெள்ளையாக மின்னும். அணுக்கள் செத்தால் வழி கிடைக்கும், வெளிச்சம் அடங்கும்.

"அப்போ கறுப்பா இருந்தா ஆபரேஷன் வேணாமா டாக்டர்?" என்றார் அந்த அம்மா.

அங்கேதான் சிக்கல். தழும்புக்குள் ஒளிந்திருக்கும் சில அணுக்களை எந்த ஸ்கேனும் காட்டாது. அதனால் படத்தை மட்டும் நம்புவதில்லை. விரலால் தொட்டும், கேமரா குழாய் விட்டும் பார்க்க வேண்டும். மூன்றிலும் சுத்தம் என்றால்தான் வெட்டாமல் கண்காணிக்கலாம். பிரேசிலின் டாக்டர் ஏஞ்சலிட்டா ஹபர்-காமா இந்த வழியை முன்னெடுத்து, 2004இல் தம் முடிவுகளை வெளியிட்டபோது பலர் நம்பவில்லை. 2018இல் பல நாடுகளின் 880 நோயாளிகளை ஆராய்ந்ததில், இரண்டு ஆண்டுக்குள் சுமார் நான்கில் ஒருவருக்குக் கட்டி அதே இடத்தில் திரும்பியது. பெரும்பாலும் குடல் சுவரிலேயே. அதனால்தான் முதல் இரண்டு ஆண்டுகள் சில மாதங்களுக்கு ஒருமுறை விடாமல் வரவேண்டும். வரமாட்டேன் என்பவருக்கு இந்த வழி ஆகாது என்பது என் கருத்து.

ஆசிரியரின் படத்தில் ஓர் ஓரத்தில் கொஞ்சம் சாம்பல் மிச்சமிருந்தது. அங்கேயே ஒரு சிறு வெள்ளைப் புள்ளி.

"ஐயா, நல்லா சுருங்கியிருக்கு. ஆனா முழுசா போகல" என்றேன்.

அவர் பேசவில்லை. மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கட்டி இன்னும் சுருங்கிக்கொண்டுதான் இருக்கிறது. உடனே கத்தியை எடுக்கத் தேவையில்லை, 8 வாரம் பொறுத்து மறுபடி எல்லாவற்றையும் பார்ப்போம், அப்போதும் மிச்சமிருந்தால் அறுவை சிகிச்சைதான் என்றார் நிபுணர்.

அந்த அம்மா கைப்பேசியில் நாளைப் பார்த்தார். தீபாவளிக்கு மறுவாரம்.

"முறுக்கு சாப்பிடலாமா டாக்டர்?" என்றார் ஆசிரியர்.

சாப்பிடலாம் என்றேன்.