லேபிளில் படித்த நாடுகள்



திருப்பூரை அடுத்த பெருமாநல்லூர் பக்கமிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருந்தார். அவரும் கணவரும் ஜாப் ஒர்க் எடுத்துச் செய்கிற சின்ன யூனிட் நடத்துகிறார்கள். எட்டு மெஷின். ஓவர்லாக்கில் அவரே உட்காருகிறார். மூத்த மகள் வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாள், சின்னவன் ஒன்பதாம் வகுப்பு. வருகிற மே மாதம் நால்வரும் வெளிநாடு போவதென்று வீட்டில் முடிவாகியிருக்கிறது. “இதுவரைக்கும் பாஸ்போர்ட்டே எடுக்காத குடும்பமுங்க. ஒம்பது நாள்ல ஜெர்மனி, ஹாலந்து, பிரான்ஸ், சுவிஸ், இத்தாலி அஞ்சையும் பாத்துட்டு வந்தரலாமுங்களா?” என்று கேட்டிருந்தார்.

பட்டியல் இத்தனை தெளிவாக இருக்கிறதே என்று போன் செய்து கேட்டேன். “லேபிள்ல பாக்கறதுதானுங்க” என்றார்.

பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். கழுத்துக்குப் பின்னால் வைத்துத் தைக்கிற அந்தச் சின்னத் துண்டில் ஒரே சட்டைக்கு நாட்டுக்கொரு சைஸ் இருக்கும். ஜெர்மனியில் 36 என்றால் பிரான்சில் 38, இத்தாலியில் 42. பக்கத் தையலில் வைக்கிற வாஷ்கேர் லேபிளிலோ ஏழெட்டு மொழி. பள்ளிக்கூட நிலப்படத்தில் படிக்காமல் விட்ட ஐரோப்பாவை இந்த ஊர்ப் பெண்கள் இப்படித்தான் படித்தார்கள்.

1978-இல் இத்தாலியிலிருந்து வெரோனா என்ற இறக்குமதியாளர் மும்பை ஏற்றுமதியாளர்கள் வழியாக வெள்ளை டி-ஷர்ட் தேடி வந்ததைத்தான் திருப்பூர் ஏற்றுமதிக் கதையின் தொடக்கமாகச் சொல்வார்கள். 1981-இல் ஐரோப்பாவின் பெரிய துணிக்கடை நிறுவனமான சி அண்ட் ஏ வந்தது. இன்று இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் நம் வட்டாரத்துச் சரக்கு. ஐரோப்பியர்கள் கோடையில் போட்டுக்கொள்ளும் பருத்திச் சட்டையை நாம் மார்கழிக் குளிரில் ராத்திரி ஷிப்ட் போட்டு முடித்து அனுப்புகிறோம். பையரைப் பார்க்கப் போன முதலாளிகளும் மெர்ச்சன்டைசர்களும் அந்தக் கோடையைக் கண்டிருக்கிறார்கள். மெஷினில் உட்கார்ந்தவர்களில் கண்டவர்கள் அரிது. ஓவர்லாக்கில் உட்காரும் ஒருவர் இந்தப் பட்டியலை எழுதி அனுப்பியதில் எனக்கு அத்தனை மகிழ்ச்சி.

ஆனாலும் அம்மா, ஐந்து வேண்டாம்.

ஒன்பது நாளில் போக வர இரண்டு நாள் போய்விடும். ஐந்து நாடென்றால் நான்கு முறை அறையைக் காலி செய்து, பெட்டி கட்டி, ரயிலைப் பிடித்து, புது ஊரில் வழி கேட்டு நடக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அரை நாள். கணக்குப் போட்டுப் பாருங்கள், நாட்டுக்கு ஒரு நாள்தான் மிஞ்சும். அந்த ஒரு நாளும் பஸ் ஜன்னல் வழியாகத்தான். இன்னும் மூன்று நாள் ஒதுக்க முடியுமானால் மூன்று நாடு பாருங்கள். முடியாதென்றால் இரண்டு போதும். ஜெர்மனியும் ஹாலந்தும் அடுத்த முறைக்கு இருக்கட்டும்.

மூன்று நாட்டுக்கு நான் சொல்லும் வழி இது. பாரிசில் நான்கு இரவு. அங்கிருந்து அதிவேக ரயிலில் சுமார் நான்கு மணி நேரத்தில் சூரிச், அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் லூசெர்ன். அங்கே ஏரிக்கரையில் மூன்று இரவு. பிறகு ஆல்ப்ஸ் மலையைத் துளைத்துப் போகும் கோத்தார்டு சுரங்கம் வழியாக இத்தாலி. 57 கிலோமீட்டர் நீளம், உலகின் மிக நீளமான ரயில் சுரங்கம், 2016-இல் திறந்தது. மறுபக்கம் மிலான். மிலானிலிருந்து வெனிஸ் போகும் ரயில் பாதையில்தான் வெரோனா என்ற ஊரும் இருக்கிறது. நம் ஊர்க் கதையில் அடிபடுகிற அந்தப் பெயருக்காகவே அங்கே ஒரு ராத்திரி தங்கலாம். போகும் டிக்கெட்டைப் பாரிசுக்கும் திரும்பும் டிக்கெட்டை வெனிசிலிருந்தும் எடுத்துவிட்டால் வந்த வழியே திரும்பி ஓட வேண்டியதில்லை.

இனி, எப்போது தொடங்குவது? ஆர்டர் கையில் வந்ததும் மெர்ச்சன்டைசர் என்ன செய்வார்? ஷிப்மென்ட் தேதியை முதலில் எழுதிக்கொண்டு அங்கிருந்து பின்னால் எண்ணுவார். பேக்கிங் என்றைக்கு, தையல் என்றைக்கு, கட்டிங், டையிங், நிட்டிங், நூல் என்றைக்கு. பயணத்துக்கும் அதே கணக்குதான். சின்னவனுக்கு ஜூனில் பள்ளி திறந்துவிடும். அதனால் மே 5 புறப்பாடு என்று வைத்துக்கொள்வோம். இந்த நாடுகளுக்கெல்லாம் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். அதாவது நவம்பர் முதல் வாரம், நம் ஊர் வழக்கில் சொன்னால் தீபாவளி போனஸை ஒட்டி. மார்ச்சில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் அப்பாயின்ட்மென்ட் கிடைக்காமல் தவித்ததை ஆண்டுதோறும் கேட்கிறேன்.

அப்படியானால் பாஸ்போர்ட் புரட்டாசிக்குள் கையில் இருக்க வேண்டும். திருப்பூர் மாவட்டத்துக்குக் கோவை பாஸ்போர்ட் அலுவலகம்தான். பெரியவர்களுக்கு 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய். இதில் நம்மவர்கள் இடறுகிற இடம் இனிஷியல். பாஸ்போர்ட்டில் இனிஷியலைச் சுருக்கி எழுத விடமாட்டார்கள். அப்பா பெயரை விரித்து எழுத வேண்டும். ஆதாரில் ஒரு மாதிரி, மதிப்பெண் பட்டியலில் வேறு மாதிரி, பான் கார்டில் எழுத்துக்கூட்டலே மாறி என்றிருந்தால் முதலில் அவற்றை நேர் செய்யுங்கள். என் முதல் பயணத்தில் டிக்கெட்டில் பெயர் முன்பின்னாக மாறியிருந்ததைப் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்புதான் கவனித்தேன். திருத்துவதற்குக் கட்டிய பணத்தைவிட அந்த இரண்டு ராத்திரித் தூக்கம் போனதுதான் பெரிது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்ததும் சிலருக்கு நினைவிருக்கும். பெயருக்குப் பின் அப்பா பெயரையோ கணவர் பெயரையோ குடும்பப் பெயராகச் சேர்த்தே விண்ணப்பியுங்கள்.

போன் பேசும்போது வாசகி குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் கேட்டார். அவர் பத்தாவது முடிக்கவில்லை. பாஸ்போர்ட் கொடுப்பார்களா? கட்டாயம் கொடுப்பார்கள். பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். என்ற குறிப்பு வரும், அவ்வளவுதான். குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஏமாற்றப்படாமல் இருக்க வந்த ஏற்பாடு அது. சுற்றுலாவைத் தடுக்காது. வருமான வரி கட்டுகிறவர்களுக்கும் 50 வயது கடந்தவர்களுக்கும் அந்தக் குறிப்பே கிடையாது. படிப்பு இல்லையென்று சொல்லி அம்மாவையோ மனைவியையோ வீட்டுக் காவலுக்கு விட்டுவிட்டுக் கிளம்புகிற குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

விசாக் கட்டணம் ஆளுக்கு 90 யூரோ. 6 முதல் 11 வயது வரை பாதி. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும். எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறோமோ அந்த நாட்டின் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். மேலே சொன்ன வழியில் அது பிரான்ஸ். கைரேகை பதிய ஆள் நேரில் போயாக வேண்டும். இவையெல்லாம் எளிது. நம் ஊர்க்காரர்களுக்குக் கடினமானது வங்கிக் கணக்குதான். சனிக்கிழமை சம்பளத்தைக் கையில் வாங்கி, நூல்கடைக்கும் கான்ட்ராக்டருக்கும் கையால் கொடுத்தே பழகியவர்கள் நாம். விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் மாமா கொடுத்தார், மச்சான் கொடுத்தார் என்று மொத்தமாக நாலு லட்சம் கணக்கில் ஏறினால் விசா அதிகாரிக்குச் சந்தேகம்தான் வரும். இந்த மாதத்திலிருந்தே ஜாப் ஒர்க் பணம் வங்கி வழியாக வரட்டும். வரிக் கணக்கு ஒழுங்காக இருக்கட்டும். கடன் வாங்கிப் போகாதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

சாப்பாட்டுக்குப் பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் போதும். பால், நெய், இறைச்சி சேர்ந்தவற்றை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகத் தடை உண்டு. சுவிட்சர்லாந்தில் யூரோ அல்ல, பிராங்க். மே மாதம் நமக்குத்தான் கத்திரி வெயில். அங்கே வசந்தம், ஸ்வெட்டர் வேண்டும்.

‘குமரி மலர்’ ஆசிரியர் ஏ.கே. செட்டியார் காந்தியின் படச்சுருள்களைத் தேடி நாடு நாடாக அலைந்து, 1940-இல் அந்த ஆவணப்படத்தை வெளியிட்டார். இன்னது வேண்டும் என்று தெரிந்து தேடிப் போனவர் அவர். முதல் பயணம் போகிறவர்களுக்கு நான் எப்போதும் அவரைத்தான் சொல்வேன். ஒன்றைத் தேடிப் போங்கள். பெருமாநல்லூர் வாசகிக்கு அது ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. எல்லோரும் சொல்வதுபோல் கடைக்குப் போய் லேபிளைப் பார்ப்பீர்களா என்று கேட்டேன். “கடையில பாக்கறதுக்கு என்னங்க இருக்கு, பெட்டி கட்டும்போதே பாத்ததுதானே. நாம தெச்சத போட்டுட்டு நடக்கறவங்களப் பாக்கோணும். தொவச்சு தொவச்சு போட்டதுக்கப்புறம் தையல் எப்படி நிக்குதுன்னு பாக்கோணும்” என்றார். பாரிசில் மே மாதம் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். ஒரு சாயங்காலம் முழுக்க ஏதாவது ஒரு பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து அதை மட்டும் பாருங்கள் அம்மா.

ஐரோப்பா கைக்கு எட்டாதவர்களும் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். கோவையிலிருந்து சிங்கப்பூருக்கு நேர் விமானம் இருக்கிறது. அங்கிருந்து பஸ்ஸிலேயே மலேசியாவுக்குள் போய்விடலாம். ஒரு வாரத்தில் இரண்டு நாடு. தமிழும் ஆட்சிமொழியாக உள்ள சிங்கப்பூரில் முதல் வெளிநாட்டு அனுபவம் கிடைப்பது நல்ல தொடக்கம்தான்.

பீஸ் ரேட்டில் தைத்துச் சேர்த்த காசில் பயணம் போய்வந்த வாசகர்கள் எந்த வழி போனீர்கள், எவ்வளவு ஆனது, எதில் ஏமாந்தீர்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள். வருகிற இதழ்களில் வெளியிடுகிறோம். பாஸ்போர்ட் இருப்பவர்கள் இன்றைக்கே எடுத்துக் காலாவதித் தேதியைப் பாருங்கள். ஷெங்கன் நாடுகளை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் அது செல்லுபடியாக வேண்டும்.