அவள் கேட்பது நியாயமான கேள்வி

“ஏனுங்க சிஸ்டர், இந்த ஃப்ளூ ஊசி போட்டா வயித்துல இருக்கற புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுங்களா?” பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கும் ஐந்து மாதக் கர்ப்பிணி கேட்டாள். தலைமுடியெல்லாம் பஞ்சுத் தூசி. பக்கத்து மெஷின்காரிக்கு நான்கு நாளாகக் காய்ச்சல், இருமல்.

திருப்பூரில் செவிலியராக வேலை பார்க்கும் நான் இந்தக் கேள்வியை அறியாமை என்று ஒதுக்க மாட்டேன். கர்ப்பத்தில் தலைவலி மாத்திரைக்கே யோசிக்கச் சொல்வதும் நாங்கள்தானே?

அவளிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். கர்ப்பிணிகளுக்குப் போடும் ஃப்ளூ ஊசியில் உயிருள்ள வைரஸ் கிடையாது. அதனால் ஊசி மூலம் ஃப்ளூ தொற்றாது. கை வலிக்கும், ஓரிரு நாள் உடம்பு லேசாகச் சுடலாம். மூக்கில் விடும் உயிர்வைரஸ் மருந்துதான் கர்ப்பிணிகளுக்குக் கூடாது. 2009-ல் பரவிய பன்றிக்காய்ச்சல் என்ற ஃப்ளூவில் உலகெங்கும் கர்ப்பிணிகள் கடுமையாகப் பாதிக்கப்பட்டார்கள். 2012-ல் உலக சுகாதார நிறுவனம் ஃப்ளூ தடுப்பூசியில் அவர்களுக்கே முதலிடம் தரச் சொன்னது. ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு ஃப்ளூ ஊசி போட முடியாது. தாயிடமிருந்து போகும் எதிர்ப்புச் சக்திதான் அதற்குக் காவல்.

கேட்டுவிட்டு, “சரிங்க, எவ்வளவு ஆகும்?” என்றாள். தனியாரில் ஆயிரம் ரூபாய்க்கு மேல். பீஸ் ரேட்டில் தைப்பவள் அதற்கு எங்கே போவாள்? பயத்தை நான் பேசித் தீர்க்கலாம், விலையைத் தீர்க்க முடியாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரணஜன்னி ஊசி இலவசமாகப் போடும் அதே பரிசோதனை நாளில் இதையும் அரசு போட வேண்டும். ஊசி போட வரும் அரை நாளுக்குக் கம்பெனிகள் கூலி பிடிக்கக் கூடாது.