தெர்மோஸ்டாட்டைக் கழட்டி எறியாதீங்கய்யா!

கார் சூடாகுதுன்னு நம்ம ஊர் ஒர்க்‌ஷாப்ல விட்டுப் பாருங்க. பல இடத்துல ஒரே வைத்தியம்தான். "தெர்மோஸ்டாட்டைத் தூக்கிடலாம் சார். அது குளிர் நாட்டுக்காரனுக்கு. நம்ம வெயிலுக்கு எதுக்கு?" நம்மாளும் தலையை ஆட்டிட்டு காசு கொடுத்துட்டு வந்துடுவார். கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு மக்களே, அதான் இந்தப் பதிவு.

சின்னக் கணக்கு. சென்னை கத்திரி வெயில் 40 டிகிரி, மிஞ்சிப்போனா 45. என்ஜின் ஒழுங்கா ஓட கூலன்ட் இருக்க வேண்டிய சூடு சுமார் 90. அந்த 90-ல கொண்டுபோய் நிறுத்துறதுதான் தெர்மோஸ்டாட் வேலை. உள்ளே கொஞ்சம் மெழுகு இருக்கு. 82-லிருந்து 88 டிகிரிக்குள்ள அது உருகி விரிஞ்சு வால்வைத் திறக்கும். இதுல ஊர் வெயில் எங்கேர்ந்து வந்துச்சு?

கழட்டினா என்ன ஆகும்? ஹைவேயில என்ஜின் சரியா சூடே ஏறாது. 'இன்னும் குளிரா இருக்கு'ன்னு நினைச்சு கம்ப்யூட்டர் பெட்ரோலை அதிகமா ஊத்தும். மைலேஜ் காலி. எரியாத பெட்ரோல் ஆயில்ல கலக்கும், தேய்மானம் கூடும். இன்னொரு கூத்து: சில என்ஜின்கள்ல தெர்மோஸ்டாட்தான் பைபாஸ் வழியையும் அடைக்கும். அது இல்லேன்னா கூலன்ட்ல ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாம சுத்தும். வண்டி முன்னைவிட சூடாகும்!

தெர்மோஸ்டாட் கெட்டே போகாதான்னா, போகும். மூடினபடி சிக்கிக்கும். அப்போ புதுசு மாத்தணும். பல்பு போச்சுன்னா ஹோல்டரையா பிடுங்கி எறியறோம்?

வண்டி எப்போ சூடாகுதுன்னு பார்த்தாலே பாதி பதில் கிடைச்சிடும்:

- சிக்னல்ல நிக்கும்போது சூடு, ஓடினா சரியாகுதா? ஃபேன், ரிலே, ஃபியூஸ் பாருங்க.

- ஹைவேயில, மேட்டுல ஏறும்போது சூடா? ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப், கூலன்ட் அளவு. வருஷக்கணக்கா போர் தண்ணி ஊத்தினா உப்பு படியாம என்ன செய்யும்?

- ரேடியேட்டர் மூடி ரப்பர் போச்சா? சுமார் 1 பார் அழுத்தம் பிடிச்சாத்தான் வெறும் தண்ணிகூட 120 டிகிரி வரை கொதிக்காது. (சூடா இருக்கும்போது அதைத் திறந்துடாதீங்க சாமி, முகம் வெந்துடும்.)

- வெளியே ஒழுகல் இல்லாம கூலன்ட் குறையுதா, வெள்ளைப் புகை நிக்காம வருதா, ஆயில் பால் காபி மாதிரி இருக்கா? ஹெட் கேஸ்கெட். வண்டியை எடுக்கவே எடுக்காதீங்க.

தெர்மோஸ்டாட்டைக் கழட்டினா இதுல ஒண்ணும் சரியாகாது. முள்ளு கொஞ்ச நாள் கீழே இறங்கி நிக்கும், நோய் உள்ளேயே வளரும். கூலன்ட் சுத்தமா வடிஞ்சுட்டா சென்சார் நனையாம முள்ளு பொய்யும் சொல்லும். கடைசியில அலுமினிய ஹெட் வளைஞ்சு நிக்கும்போது பில் கட்டப்போறது யாரு? கழட்டினவரா?

கை சுத்தமான மெக்கானிக்குகள் நிறைய பேர் இருக்காங்க, அவங்களுக்கு என் கும்பிடு. மத்தவங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க: "ஏன் சூடாச்சு?" பதில் சொல்லாம ஸ்பேனரை எடுத்தா, சாவியை வாங்கிட்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்க.