ரிசீவருக்கும் கொஞ்சம் காற்று வேண்டும்

தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் வீட்டிலேயே ஒரு சின்னத் திரையரங்கம் அமைத்துவிட வேண்டும் என்ற ஆசை பலருக்கு வந்துவிடுகிறது. பெரிய தொலைக்காட்சி, சுற்றிலும் ஸ்பீக்கர்கள், எல்லாவற்றையும் இயக்க ஓர் ஏவி ரிசீவர். அடுத்த சில வாரங்களில் எனக்குக் கேள்விகள் வரத் தொடங்கும். வானொலியில் வேலை செய்பவளுக்கு ஒலி சம்பந்தப்பட்ட எல்லாமே தெரிந்திருக்கும் என்று ஒரு நம்பிக்கை! அதிகம் வரும் கேள்வி இதுதான்: “அக்கா, சத்தத்தைக் குறைத்துத்தான் பாட்டுக் கேட்கிறோம். அப்படியும் ரிசீவர் ஏன் இப்படிச் சுடுகிறது?”

பயப்பட வேண்டாம். வெதுவெதுப்பாக இருப்பது அதன் இயல்பு. அந்தச் சூடு வெளியேற வழி இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ரிசீவருக்குள் ஆம்ப்ளிஃபையர் இருக்கிறது. அதிலுள்ள டிரான்சிஸ்டரைத் தண்ணீர்க் குழாயின் திருகு போல நினைத்துக்கொள்ளுங்கள். முழுதாகத் திறந்திருந்தாலோ முழுதாக மூடியிருந்தாலோ அதற்குச் சிரமம் இல்லை. பாதி திறந்த நிலையில்தான் மின்சாரம் முட்டி மோதிச் சூடாகிறது. ஆம்ப்ளிஃபையர்களை வகுப்பு வகுப்பாகப் பிரிப்பது, இந்தத் திருகை எப்படிக் கையாள்கிறார்கள் என்பதை வைத்துத்தான்.

‘கிளாஸ் ஏ’ வகையில் திருகு எப்போதும் பாதி திறந்தே இருக்கும். ஒலி சுத்தமாக இருக்கும். ஆனால் ஏட்டுக் கணக்கிலேயே அதிகபட்சம் 50 விழுக்காடு மின்சாரம்தான் ஒலிக்குப் போகும். பாட்டே ஓடாத நேரத்தில் இழுக்கும் மின்சாரம் அத்தனையும் வெப்பம்தான்.

‘கிளாஸ் பி’ என்பது பாட்டிமார் இருவர் ஒரே உரலில் மாற்றி மாற்றி மாவு இடிப்பதைப் போன்றது. ஒலி அலையின் மேல்பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ்பாதியை இன்னொன்றும் பார்த்துக்கொள்ளும். ஏட்டுக் கணக்கில் 78.5 விழுக்காடு வரை பயன் கிடைக்கும். ஆனால் ஒருவர் விட்டு மற்றவர் தொடங்கும் இடத்தில் தாளம் தட்டும். காதுக்கு அது கரகரப்பாகக் கேட்கும். அதைத் தவிர்க்க, இரண்டு டிரான்சிஸ்டர்களையும் எப்போதும் கொஞ்சம் விழிப்பாகவே வைத்திருப்பதுதான் ‘கிளாஸ் ஏபி’. வீட்டு ரிசீவர்களில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

நேயர்களின் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. வீட்டில் சாதாரணமாகக் கேட்கும்போது ஒரு ஸ்பீக்கருக்குப் போவது ஒரு வாட் அளவுதான். ஆனால் ஏழு சேனல்களின் டிரான்சிஸ்டர்களும் விழித்திருக்கின்றன. படத்தையும் ஒலியையும் கையாளும் சில்லுகளும் வேலை செய்கின்றன. இப்படிச் சும்மா இருக்கும்போதே 50 வாட் வரை இழுக்கும் ரிசீவர்கள் உண்டு. ஏறக்குறைய அத்தனையும் சூடாகவே வெளியேற வேண்டும். அந்தக் காலத்து மஞ்சள் பல்பு ஒன்றை அலமாரிக்குள் எரியவிட்டு, கதவைச் சாத்தியதற்குச் சமம்!

நம் ஊரில் அறையே 30 பாகையைத் தொடுகிறது. ரிசீவருக்குள் இருக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்களுக்கு ஒரு பொதுக்கணக்கு உண்டு: 10 பாகை வெப்பம் கூடினால் ஆயுள் பாதியாகும். பத்து வருடம் உழைக்க வேண்டிய பொருள், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் சீக்கிரமே மூச்சை விட்டுவிடலாம். படத்தின் நடுவே ரிசீவர் தானாக அணைந்தால், அது தன்னைக் காப்பாற்றிக்கொண்டதாகவும் இருக்கலாம். கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுமுன் அலமாரியைப் பாருங்கள்.

மேல்புறம் ஒரு சாண் அளவாவது இடைவெளி விடுங்கள். கையேட்டில் அதற்கு மேல் கேட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். டிகோடரையும் மோடத்தையும் ரிசீவர் தலையில் ஏற்றாதீர்கள். அழகுக்குப் போடும் பூவேலைத் துணியும் வேண்டாம். அலமாரியின் பின்பலகை மூடியிருந்தால் திறந்துவிடுங்கள். முடியாவிட்டால் சூடான காற்றை வெளியே தள்ள ஒரு சின்ன யூஎஸ்பி விசிறி போதும். 4 ஓம் ஸ்பீக்கர்கள் 8 ஓம் ஸ்பீக்கர்களைவிட அதிக மின்னோட்டம் கேட்கும், சூடும் கூடும். அவற்றை உங்கள் ரிசீவர் ஏற்குமா என்று கையேட்டில் பாருங்கள். பார்த்து முடித்ததும் அணைத்துவிடுங்கள். 50 வாட் நாள் முழுக்க ஓடினால் மாதத்திற்கு 36 யூனிட் மின்சாரம் வீண்.

அப்படியானால் ‘கிளாஸ் டி’ வாங்கலாமா? ‘டி’ என்றால் டிஜிட்டல் என்று விற்பனையாளர் சொன்னால் நம்ப வேண்டாம். ‘சி’க்கு அடுத்த எழுத்து, அவ்வளவுதான். இதில் டிரான்சிஸ்டர் முழுதாகத் திறக்கும், முழுதாக மூடும், அதுவும் விநாடிக்கு லட்சக்கணக்கான முறை. அதனால் நல்ல சத்தத்தில் ஓடும்போது 90 விழுக்காடு வரை பயன் தரும், சூடும் குறைவு. சவுண்ட்பார், புளூடூத் ஸ்பீக்கர், கார் ஆம்ப்ளிஃபையர் எல்லாம் பெரும்பாலும் இந்த வகைதான். அடுக்ககத்தில் இடம் குறைவு, அலமாரியும் குறுகல் என்றால் இது நல்ல தேர்வு. காற்றோட்டமான இடம் இருந்தால் ‘ஏபி’ ரிசீவரையே தாராளமாக வாங்கலாம்.

இந்த வார இறுதியில் ஒரு படம் பார்த்து முடித்ததும் ரிசீவரின் மேல்மூடியில் கை வைத்துப் பாருங்கள். ஐந்து விநாடி வைத்திருக்க முடிந்தால் நிம்மதியாகத் தூங்கப் போகலாம். முடியவில்லையா? பணம் செலவழிக்குமுன் முதலில் அந்தக் கண்ணாடிக் கதவைத் திறந்து வையுங்கள்.